மீன்கழிவு லாரிக்கும் ஓர் இடம்

வியாழக்கிழமை, பகல் ஒரு மணி, ட்ரொம்ஸோ.
சூரியன் எட்டிப் பார்க்காத ஐந்தாவது வாரம்.
வட்டமாக எட்டு நாற்காலிகள்,
மூன்றில் தலையணை,
ஒன்று எப்போதும் காலி:
ஆஸ்லாக் உட்கார மாட்டார்,
சுவரில் சாய்ந்து நிற்பார்.

வலி எத்தனை என்று
இங்கே யாரும் கேட்பதில்லை.
எனக்கு அதில் ஏமாற்றம்தான்.
பதினோரு வருடக் கணக்கு
பையிலேயே இருக்கிறது, நான்கு நோட்டுப் புத்தகம்.
காலை ஆறு, மதியம் ஏழு, இரவு எட்டு,
பனிப்புயலுக்கு முந்தின நாள் எட்டரை.
வங்கி எழுத்தரின் ஒழுங்கோடு
என் இடுப்புக்கு நான் எழுதிய வரவு.
செலவுப் பக்கம் என்று ஒன்று உண்டென
தோன்றவே இல்லை.

உளவியலாளர் ரன்வைக், என்னைவிட இளையவள்,
ஒரு காதில் மட்டும் தோடு.
"வலி போனதும் என்ன செய்வீர்கள்?" என்றாள்.
ஆளுக்கொன்று சொன்னோம்.
வேலைக்குத் திரும்புவேன். நாயைக் குளிப்பாட்டுவேன்.
"நீங்கள், யோருன்?"
தம்பியோடு உறைந்த ஏரியில் மீன் பிடிப்பேன்.
எல்லாவற்றையும் பலகையில் எழுதினாள்.
எழுதி முடித்து மூடியை மாட்டிவிட்டு,
"போகாவிட்டால்?"

ஹீட்டர் முனகுவது கேட்டது.
ஆஸ்லாக் கதவை அறைந்துவிட்டு வெளியேறினார்.
அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம்,
வெளியே மைனஸ் பதினான்கு.
திரும்பி வந்தார்.
நாங்கள் யாரும் சிரிக்கவில்லை, அவர்தான் சிரித்தார்.

ஏற்றுக்கொள்வது என்ற சொல்
எனக்குப் பிடிக்கவில்லை.
மண்டியிட்டவளின் மூச்சுபோல் ஒலித்தது.
அன்றிரவு இடது பக்கம் படுக்க முடியாமல்
வலது பக்கமும் முடியாமல்
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது:
இருபத்தாறு வருடம்
படகுத்துறையில் வேறென்ன செய்தேன்?
ஏற்றினேன்.
கார், பால் வண்டி, சவ வண்டி,
ஆகஸ்ட் வெயிலில் மீன்கழிவு லாரி.
அந்த நாற்றத்தை விரும்பியவர் எவருமில்லை.
அதற்காகக் கரையில் விட்டதுமில்லை.
காற்றின் திசை பார்த்து ஓரமாய் இடம் காட்டி
சக்கரத்துக்குக் கட்டை வைத்து
மறுபக்கம் எடை சரிபார்த்துக் கையைத் தூக்குவேன்.
படகு கிளம்பும்.
அதை இறக்கினால்தான் கிளம்புவேன் என்று
நான் முரண்டு பிடித்திருந்தால்
மற்ற முப்பது வண்டியும்
இன்னும் இக்கரையில்தான் நிற்கும்.

அலை ஓயட்டும், பிறகு குளிக்கலாம் என்று
பதினோரு வருடம் துண்டோடு நின்றிருக்கிறேன்.

தம்பி ஸ்வைனுங்.
"இந்தச் சனி முடியாது, இடுப்பு" என்று
அவனுக்கு நான் அனுப்பியவற்றை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டாம் முறை அவன் கூப்பிடவில்லை.
நோட்டுப் புத்தகத்தின்
எந்தப் பக்கத்திலும் இது இல்லை.

பிப்ரவரியில் நானே கேட்டேன்.
ஒரு மணி நேரம்தான், சாய்வுள்ள நாற்காலி வேண்டும்,
நடுநடுவே எழுந்து நடப்பேன்,
முகம் சுளிப்பேன், கண்டுகொள்ளாதே.
"சரி" என்று மட்டும் பதில்.

பனிக்கட்டியில் ஒவ்வோர் அடிக்கும்
திரும்பு திரும்பு என்றது இடுப்பு.
கேட்டது எனக்கு. வாதாடவில்லை.
கால் மட்டும் தன்பாட்டில் அடுத்த அடியை வைத்தது.
மலை விளிம்பில் சூரியன் ஒரு கை அகலம்.
அவன் துளையிட்டான்,
நான்கடி தள்ளி
நான் கேட்காமலே இன்னொன்றும்.
மனைவி பிரிந்து போனதை
அங்கேதான் சொன்னான்,
தூண்டில் நுனியைப் பார்த்தபடி.
இரண்டு வருடப் பழைய செய்தி.

மீன் ஒன்றுகூட அகப்படவில்லை.
மறுநாள் எட்டரை, அதையும் மறைக்கவில்லை.

ஐந்தாவது நோட்டுப் புத்தகம் வாங்கவில்லை
என்று முடிக்க ஆசைதான்.
வாங்கினேன்.
முதல் பக்கத்தில்
சனி, ஏழு, என்று எழுதி
கொஞ்சம் இடம் விட்டு:
ஸ்வைனுங் காதுவரை மூடும் பச்சைத் தொப்பி
புதிதாக வாங்கியிருக்கிறான்.